மூன்று கால் கொடுத்த ஒரு கை

டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் துப்பாக்கி ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர்களுக்கு என் சரித்திரம் முழுசாகத் தெரியாது போலிருக்கிறது. எனக்குத் தெரிந்து மயக்க ஊசியால் ஜீப் டயரைச் சுட்ட ஒரே ஆள் நான்தான். வேறு யாராவது சுட்டிருந்தால் முன்னே வரட்டும், கட்டிப் பிடித்துக்கொள்கிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். கட்டை அறுத்துக்கொண்டு ஓடிய மாடு, ரோட்டில் மிரண்டு ஓடும் குதிரை, கிணற்றோரம் சிக்கிய மான் என்று எது கைக்கு அகப்படவில்லையோ அதைத் தூரத்திலிருந்து ஊசி போட்டுத் தூங்கவைத்து, காப்பாற்றி, எழுப்பி அனுப்புவது. மருந்து எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு என்பதை டாக்டர்கள் சொல்வார்கள். அதில் நான் மூக்கை நுழைத்தால் எனக்கே ஊசி விழும். நான் சுடுகிறவன், அவ்வளவுதான். முட்டி தேய்ந்து, காலத்துக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திண்டிவனத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது என்பதால் உட்கார்ந்தே இருக்கிறேன்.

அந்த முட்டிதான் ஸ்டாண்டுக்கும் காரணம். மற்றவர்கள் ஒரு காலை மடித்து மண்டியிட்டு, முழங்கையை முட்டியில் ஊன்றிச் சுடுவார்கள். நானும் அப்படித்தான் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மயிலம் பக்கம் ஒரு பசு. ஊசி சரியாக விழுந்தது. பசு படுத்தது, டாக்டரம்மா காலில் சிக்கியிருந்த கம்பியை வெட்டி எடுத்தார், மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டார், பசு எழுந்து வீட்டுக்குப் போனது. நான் மட்டும் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தேன். இரண்டு பேர் வந்து தூக்கினார்கள்.

"அண்ணா, உங்களுக்கும் மாத்து ஊசி இருந்தா போட்டுடுவேன்" என்றார் டாக்டரம்மா. "ஒரு ஸ்டாண்டு வாங்குங்க."

டாக்டரம்மாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். 'என்ன வச்சு கதை சொல்லிக்கினு திரியாதீங்கண்ணா' என்று முன்பே எச்சரித்திருக்கிறார். என்னைவிட ரொம்பச் சின்னவர். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். குரல் காதிலேயே விழாத அளவுக்கு இறங்கினால் நீங்கள் ஓடிவிடலாம்.

ஸ்டாண்டு வாங்கத் திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபரிடம் போனேன். அவர் பழைய கேமரா ஸ்டாண்டு ஒன்றைத் துடைத்து எடுத்துவந்தார்.

"இது எத்தினி கல்யாணம் பாத்துதுன்னு கணக்கே இல்லண்ணா. ஒரு தடவகூட ஆடினதில்ல."

"உனக்கென்னப்பா, கல்யாணத்துல பொண்ணு மாப்ள ஓடமாட்டாங்க."

"அப்படி ஓடினதையும் எடுத்துக்கீறேன். அதுக்கும் ஆடல."

இந்தச் சிபாரிசு எனக்குப் போதுமானதாக இருந்தது. முதல் வேலை, மூடிக்கிடந்த ஒரு அரிசி மில் முற்றம். உள்ளே ஒரு குதிரை சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டாண்டை விரித்தேன். கால்களை நீட்டுவதற்குச் சோம்பல்பட்டு நடுக்கம்பத்தை முழுசாக மேலே தூக்கினேன். நிமிர்ந்து நின்று சுட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒரு ஆசை. வாசலில் நாலைந்து பேர் செல்போன் பிடித்திருந்தார்கள், பொய் சொல்வானேன்.

தரை சிமெண்ட். அதன்மேல் பழைய தவிடு. நான் என் தொப்பையோடு முன்னால் சாய்ந்ததும் தவிட்டில் மூன்று காலும் மூன்று ஊருக்குக் கிளம்பின. ஒரு கால் செஞ்சிக்கு, ஒன்று மரக்காணத்துக்கு, ஒன்று என் தாடைக்கு. ஊசி போய் எங்கள் ஜீப்பின் ஸ்டெப்னியில் குத்தி நின்றது.

எங்கள் டிரைவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, வண்டி எப்ப தூங்கும்? அதுக்குள்ள ஓரமா நிறுத்திடறேன்."

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு ஊசியைப் பிடுங்கிப் பத்திரப்படுத்தினார். அப்புறம் இறங்கிய குரலில் சொன்னார்: "நடுக்கம்பத்த தூக்காதீங்கண்ணா. அது போட்டோவுக்கு. நமக்கு காலத்தான் நீட்டணும். நல்லா அகட்டி வைங்க. காத்து இருந்தா நடுவுல பாரம் கட்டுங்க."

அடுத்த ஊசி குதிரைக்கே விழுந்தது. அதை யாரும் செல்போனில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இப்போது உங்கள் ஸ்டோரில் இருக்கும் ஸ்டாண்டு. சிமெண்டுக்கு ரப்பர் கால், ரப்பரைத் திருகினால் மண்ணில் இறங்க முள். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு கிடையாது, தாங்கிக்கொள்ளும் கவட்டை மட்டும். மாடு நகர்ந்தால் துப்பாக்கியும் நகர வேண்டும். கால்களைப் பூட்டும்போது வரும் 'டக்' சத்தம் கேட்காமலிருக்க சைக்கிள் டியூப் சுற்றியது என் கைவேலை. நடுவில் பாரம் கட்ட ஒரு கொக்கி. இதெல்லாம் ஆடாமல் சுடுவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு மாட்டுப் பொங்கல் அன்றைக்குத்தான் வேறு விஷயம் புரிந்தது.

எல்லார் வீட்டிலும் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் நாளில் எனக்கு டியூட்டி. என் மனைவி சர்க்கரைப் பொங்கலும் வடையும் கட்டிக்கொடுத்து, "இன்னிக்காவது நேரத்துக்கு துன்னு" என்று அனுப்பினார். விழுப்புரம் ஆபீஸில் போய் உட்காருவதற்குள் போன் வந்துவிட்டது. கோலியனூர் தாண்டி ஒரு காளை மிரண்டு ஓடிவிட்டது. பிடிக்கப்போன ஒருவரைத் தொடையில் குத்திவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. காளை இப்போது ரயில் பாதையை ஒட்டி நிற்கிறது.

போய்ப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், அதன் ஓரமாக ஒரு வரப்பு, எதிரே அறுவடை முடிந்த வெறும் கழனி. கழனியின் கடைசியில் வெள்ளைக் காளை. அதற்குப் பின்னால் சரிவு ஏறினால் தண்டவாளம். கொம்பில் நீலப் பெயிண்டு, கழுத்தில் மாலை, வெடித்துப்போன பலூன்கள். கூட்டம் ஒரு அடி முன்னால் வைத்தால் அது தண்டவாளத்தை நோக்கி ஓரடி ஏறியது.

மாட்டின் சொந்தக்காரர் செல்வி. நாற்பது வயதிருக்கும். விழா உடுப்பில், முட்டிவரை சேறோடு, வருவாய்த் துறை அதிகாரி ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"அது குத்தற மாடே இல்ல சார். என் ஊட்டுக்காரரவிட சொன்ன பேச்சு கேக்கும்."

பக்கத்தில் நின்ற கணவர் தலையாட்டினார். "கேக்கும் சார். நானே பாத்துக்கீறேன்."

"காலைல ஒருத்தர குத்திச்சே அம்மா?"

"பசங்க சரவெடி வச்சிட்டானுங்க சார். அதுல மெரண்டுது. அதுக்கு இன்னும் பொங்கல்கூட ஊட்டல. வெறும் வயிறு."

அதிகாரி கெட்டவர் இல்லை. நெற்றியில் வியர்வையோடு என்னைப் பார்த்தார். "ரயில மெதுவா விடச் சொல்லிக்கீறேன் சார். ஆனா இருட்டினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ரோட்டுப் பக்கம் திரும்பி இன்னொருத்தர குத்தினா? இருட்டறதுக்குள்ள கட்டலன்னா போலீஸ் துப்பாக்கிதான். நீங்க ஜல்தி சுட்டுடுங்க."

இதைக் கேட்டதும் செல்வி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவர் போட்ட சத்தத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

நான் ஸ்டாண்டை ஊன்றினேன். முள்ளை இறக்கி, கால்களை அகட்டி வைத்தேன். கடற்காற்று விட்டு விட்டு அடித்தது. பாரம் கட்ட எதுவும் கிடைக்காததால் என் சாப்பாட்டுப் பையையே கொக்கியில் மாட்டினேன். எடுத்தால் ஸ்டாண்டு ஆடும். ஆக, என் மூக்குக்கு நேர் கீழே வடை தொங்கியது, நான் தொட முடியாது. உங்களில் யாராவது விரதம் இருக்க நினைத்தால் இந்த முறையைப் பின்பற்றலாம்.

ஊசியைக் குழலில் ஏற்றி, துப்பாக்கியைக் கவட்டையில் வைத்து, அதன் மேலிருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். காளை பக்கவாட்டில் திரும்பி நின்றது. தொடைச் சதை பெரிதாக, அசையாமல், கேட்டு வாங்கியதுபோல் இருந்தது.

"மேடம், சரியா நிக்குது."

"வேண்டாம்ணா."

"இதவிட நல்லா நிக்காது மேடம்."

"காலைலேந்து ஓடி ஒடம்பு கொதிச்சிக்கினு இருக்குது. இப்ப மருந்து போனா எழுந்திரிக்காமலே போய்டும். அப்படியே தாங்கினாலும், ஊசி பட்டதும் ஓடும். தூங்கறதுக்குள்ள எங்க ஓடும், பாருங்க."

பார்த்தேன். தண்டவாளம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி இதுதான். துப்பாக்கியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தால் அன்றைக்கு நான் சுட்டிருப்பேன். டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்ன பிறகும், அடுத்த முறை அவர் லேசாக இருமினால்கூட அதையே உத்தரவு என்று எடுத்துக்கொண்டு சுட்டிருப்பேன். தோள் வலிக்கும்போது மனுஷனுக்கு எல்லாமே சரியான நேரமாகத் தெரியும். அன்றைக்குத் தோள் வலிக்கவில்லை. பாரத்தை மூன்று கால் பார்த்துக்கொண்டது. நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பின்னால் கூட்டம் சும்மா இருக்குமா? "சாரு தூங்கிட்டாரா பாருங்கய்யா." "ஊசிய அவரே குத்திக்கினாருபோல." டிரைவர் மட்டும் எனக்காகப் பேசினார்: "எங்க அண்ணா குறி தப்பவே தப்பாது. டயர்ல நடுவாந்தரம்." இப்படிப்பட்ட நண்பர்கள் அமைவது பூர்வஜென்மப் பலன்.

வெயில் சாய ஆரம்பித்தது. வேடிக்கை ஒன்றும் நடக்கவில்லை என்றதும் கூட்டம் சோர்ந்துபோய் பாதிப்பேர் வீட்டுக்குப் பொங்கல் வைக்கப் போய்விட்டார்கள். நான் அதே கண்ணை அதே இடத்தில் வைத்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். கூட்டம் குறைந்தும் காளை அமைதியாகவில்லை. திடீரென்று தலையை உதறும், இடது பக்கம் கொம்பை வீசும், பிறகு நின்றுவிடும். யாரும் அசையாதபோதும் அப்படித்தான்.

காற்று அடித்தது. காளையின் இடது கண்ணுக்கு முன்னால் ஏதோ பளிச்சென்றது. தலையை உதறியது. காற்று நின்றது. பளபளப்பும் நின்றது, காளையும் நின்றது. அடுத்த காற்றுக்கும் அதேதான்.

"மேடம், இங்க வந்து பாருங்க. துப்பாக்கிய தொடாதீங்க, கண்ண மட்டும் வைங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "செல்விக்கா, கொம்புல இன்னா கட்டினீங்க?" என்றார்.

"பலூனு, மாலை..." செல்வி யோசித்தார். முகம் மாறியது. "ஜிகினாத் தாளு. பொண்ணு ஆசப்பட்டாளேன்னு நாந்தான் கட்னேன்."

மாலைக்குள்ளிருந்து அவிழ்ந்த ஒரு வெள்ளி ஜிகினா நாடா இடது கண்ணுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அது எழும்பும்போதெல்லாம் காளைக்குச் சரவெடி மறுபடி வெடித்தது. கையில் பிடித்து ஆடுகிற துப்பாக்கியின் கண்ணாடியில் இது தெரிந்திருக்காது. மாட்டுக்குப் பைத்தியம் என்றுதான் எழுதியிருப்போம்.

"நான் போய் கழட்டிடறேன்" என்றார் செல்வி.

அதிகாரி பதறினார். "அம்மா, பேஜாரு பண்ணாதீங்க. உங்கள குத்தினா யாரு பதில் சொல்றது?"

டாக்டரம்மா வானத்தைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் யாரிடமும் ஆலோசனை கேட்கமாட்டார். பொறுப்பைப் பங்குபோட விருப்பமில்லாத மனுஷி.

"வரப்பு வழியா வலது பக்கமா போலாம். அந்தக் கண்ணு நல்லா தெரியுது, உங்கள அடையாளம் தெரியும். காத்து இல்லாதப்ப மட்டும் நடக்கணும். நான் பின்னாலயே வர்றேன். தோள தட்டினா நின்னுடணும். மொதல்ல நாடா. கயித்த அப்புறம் பாத்துக்கலாம்." பிறகு என்னிடம் திரும்பினார். "அண்ணா, ஊசிய கழட்டுங்க. துப்பாக்கில ஏத்தின காத்தையும் இறக்கிடுங்க."

"மேடம், அது பாஞ்சிதுன்னா?"

"பாஞ்சா உங்க ஊசி இன்னா பண்ணும்? அது தூங்க நேரமாவும், குத்த நேரமாவாது. ஆளு நடக்கற பக்கம் மருந்து வேண்டாம். மனுஷங்களுக்குப் பட்டா திரும்ப எழுப்ப முடியாது. நீங்க கண்ணா இருந்தா போதும்."

கழற்றினேன். கையில் இருந்தது இப்போது விலை அதிகமான ஒரு பூதக்கண்ணாடி. இடது கையில் போனை எடுத்து டாக்டரம்மாவுக்குப் போட்டேன். அவர் காதில் மாட்டிக்கொண்டார். செல்வி, காளைக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு கத்தை மல்லாட்டைக் கொடியை, அதாவது வேர்க்கடலைக் கொடியை, எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

"நடங்க மேடம்... நடங்க... காத்து வருது, நில்லுங்க... நாடா தூக்குது... இறங்கிடுச்சி, நடங்க."

சின்ன வயதில் விளையாடியிருப்பீர்களே, ஒருத்தன் திரும்பும்போது எல்லோரும் சிலையாக நிற்பது. அந்த விளையாட்டுதான். திரும்புகிறவனுக்குக் கொம்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதி வழியில் போனுக்குள் 'டொய்ங்' என்றது. திரையைப் பார்க்காமலே தெரியும். நேரத்துக்குச் சாப்பிட்டேனா என்று கேட்க என் மனைவி. கட்டை விரலால் தடவி அழைப்பை வெட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் போனை நான் வெட்டியது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி, எந்த அழைப்பை வெட்டினோம் என்று தெரியாமல் உயிர் போய்விட்டது.

"அண்ணா? பேசுங்க."

"இருக்கேன் மேடம். நில்லுங்க! நில்லுங்க!"

பெரிய காற்று. நாடா எழுந்து கண்ணிலேயே அடித்தது. காளை சுழன்று வரப்பைப் பார்த்துத் திரும்பியது. தலையைத் தாழ்த்தியது. செல்வி சிலையாக நின்றார், பின்னால் டாக்டரம்மா. என் வலது விரல் தானாகப் போய் விசையைத் தொட்டது. தொட்ட பிறகுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது ஞாபகம் வந்தது. காளை அவர்களை நோக்கி நடந்தது.

அப்போது செல்வியின் குரல் போன் வழியாக எனக்குக் கேட்டது. கெஞ்சல் இல்லை, கொஞ்சல் இல்லை. தினமும் மாலையில் லேட்டாக வரும் மாட்டுக்குக் கிடைக்கிற அதே அர்ச்சனை.

"இன்னாடா, ஊர் மேஞ்சிட்டு வந்துட்டியா? காலைலேந்து உன்னால ஊட்ல ஒருத்தரும் துன்னல. வா, வந்து நில்லு."

கண்ணாடியில் வலது காது மட்டும் தெரிந்தது. அது மெதுவாகக் குரல் பக்கம் திரும்பியது.

"காது திரும்பிடுச்சி மேடம். நாடா இறங்குது... இறங்கிடுச்சி. இப்ப. இப்ப."

செல்வி போனார். கொடியை நீட்டவில்லை. நேராகக் கொம்புக்குக் கை போட்டு ஜிகினாவைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். காளை ஒரு பெருமூச்சு விட்டது. போனில் கேட்டேன், ஏதோ சைக்கிள் டயரில் காற்று இறங்குவதுபோல. அப்புறம் மல்லாட்டைக் கொடியை மெல்ல ஆரம்பித்தது. டாக்டரம்மா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் செல்வியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காளையின் கழுத்தை அவர் ஒருமுறை தட்டிக்கொடுத்ததைப் பார்த்தேன். கண்ணாடியில் எல்லாம் தெரியும், அதுதான் அதன் கெட்ட குணம்.

அவர்கள் காளையை ஓட்டிக்கொண்டு எங்கள் வழியாகத்தான் வந்தார்கள். இருட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. அதிகாரி ஜீப்பில் சாய்ந்து, வேண்டுதல் வைத்தவர் மாதிரி கண்ணை மூடியிருந்தார். செல்வி என்னிடம், "எங்க ஊட்டுக்கு வந்து துன்னுட்டுத்தாண்ணா போவணும்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் காளை ஸ்டாண்டுக்குக் கீழே மூக்கை நீட்டியது. பை. என் மனைவியின் சர்க்கரைப் பொங்கல், நெய் வாசனையோடு. நாளெல்லாம் என் மூக்குக்குக் கீழே தொங்கியது.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். "வடைய நீங்க துன்னுங்கண்ணா" என்றார். "பொங்கல்ல ஒரே ஒரு கை. நெறைய குடுத்தா வயிறு ஊதும், அப்புறம் ராத்திரி என்ன எழுப்புவாங்க."

நீங்கள் வேலையில் போகப்போக ஆயிரம் தடவை சுடுவீர்கள். நல்ல ஸ்டாண்டு வாங்குங்கள், காலை அகட்டி வையுங்கள், நடுக்கம்பத்தைத் தூக்காதீர்கள். அது உங்களுக்கு ஒரு கையை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அந்தக் கையை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அன்றன்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அன்றைக்கு நான் பையைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். கழற்றியதும் காற்றில் ஸ்டாண்டு ஆடி, மெதுவாகச் சாய்ந்தது. டிரைவர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை. என் உள்ளங்கையில் சொரசொரவென்று ஒரு நாக்கு பொங்கலைத் தேடிக்கொண்டிருந்தது.